நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. செய்தி தெரிந்த அரைமணி நேரத்தில் ஒருத்தர் பந்தலுக்கும் நாற்காலிக்கும் போன் போட்டிருப்பார். இன்னொருத்தர் ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருப்பார். சொக்காரர், அதாவது பங்காளி வீட்டு இளவட்டங்கள் சுடுகாட்டு வேலையைப் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டில் பெரிய பாத்திரத்தில் காப்பி கொதிக்கும். பிறந்த வீட்டுக்காரர்கள் கோடித் துணி எடுத்துக்கொண்டு வருவார்கள். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்கு யார் போவது, நெய்ப்பந்தம் யார் பிடிப்பது, எடுத்த பிறகு வீட்டைக் கழுவி விடுவது யார், ராத்திரிச் சோறு எந்தச் சம்பந்தக்காரர் பொறுப்பு, பதினாறாம் நாள் உருமா என்கிற தலைப்பாகை கட்டுவது யார் என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. எங்கேயும் எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் ஒருத்தர் தவறினால் இருபது வருஷம் கழித்தும் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பேச்சு வரும்.

அப்படி இறந்துபோன ஒரு மனுஷன் அதற்கு முந்தின பதினோரு மாசம், வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்ள, மனைவியோடு பஸ் ஏறிப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அந்த நாட்களில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு முறையும் இல்லை. தெருவில் யாரும் கெட்டவர்கள் அல்ல. "எப்படி இருக்கிய அண்ணாச்சி?" என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போகவும் இல்லை. "இருக்கேன்" என்று அவரும் சொல்லிவிடுவார். அதோடு சரி.

"நல்லதுக்குப் போகாட்டாலும் கெட்டதுக்குப் போயிரணும்" என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிற பேச்சு. நல்லது என்றால் கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு. கெட்டது என்றால் சாவு. நீண்ட சீக்கு இந்த ரெண்டிலும் சேராது. நடுவில் கிடக்கிறது. ஊர் கைகொடுக்கத் தயாராக இருந்தும் நோயாளி வீட்டுக்கு மட்டும் உதவி ஏன் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை என்பதற்குக் காரணம் தேடினால், பாதி பதில் இந்த இடைவெளியிலேயே இருக்கிறது.

நோட்டில் ஏறும் பணம், ஏறாத பணம்

செய்முறை என்பதை வெறும் அன்பு என்று நினைத்தால் புரியாது. அது கொடுக்கல் வாங்கல். கல்யாண வீட்டில் சுருள் வைத்தாலும், பதினாறாம் நாள் மொய் எழுதினாலும், அது நோட்டில் ஏறுகிறது. என் மகனுக்கு நீ செய்தாய், உன் மகளுக்கு நான் ஐம்பது ரூபாயாவது கூடச் செய்ய வேண்டும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இதையே தனி விருந்தாக்கி, மொய் விருந்து என்று பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டுப் பெருந்தொகை திரட்டுகிறார்கள். நம் பக்கத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். செய்முறையாக வரும் பணம் வட்டியில்லாத கடன். திரும்பக் கொடுக்க ஒரு தலைமுறை அவகாசம் உண்டு. அந்த வகையில் அருமையான ஏற்பாடு.

இந்த ஏற்பாடு நடக்க மூன்று வேண்டும்: ஒரு தேதி, ஒரு கூட்டம், ஒரு நோட்டு. சாவுக்கு மூன்றும் உண்டு. சீக்குக்கு ஒன்றுமே கிடையாது. புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளைப் பத்திரிகை அடித்து யாரும் சொல்வதில்லை. பத்து மாசம் நீளும் வைத்தியத்தில் எந்த நாள் போய் நிற்பது என்று உறவினர்களுக்கும் தெரிவதில்லை.

ஆகவே நடப்பது இதுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் வாரம் கூட்டம் தாங்காது. சாத்துக்குடி, பிரெட், ஹார்லிக்ஸ் பாட்டில், இளநீர் என்று கட்டிலுக்கடியில் குவியும். சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்து, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வார்டில் எல்லோருக்கும் கொடுத்த வீடு எனக்குத் தெரியும். கிளம்பும்போது பெரியம்மையோ சித்தியோ தலையணைக்கடியில் இருநூறு ரூபாயைச் செருகிவிட்டு, "கைச்செலவுக்கு வச்சுக்கோ" என்பாள். அந்தப் பணம் நோட்டில் ஏறாது. நோட்டில் ஏறாததால் அளவு தெரியாது, அளவு தெரியாததால் திரும்பவும் கொடுக்க வேண்டுமா, இவ்வளவு போதுமா என்றும் தெரியாது. இரண்டாவது மாசம் வருகிறவர்கள் பாதியாவார்கள். நாலாவது மாசம், "போய்ப் பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன், போனா என்னத்தச் சொல்ல" என்கிற பேச்சு வரும். வெறுங்கையோடு போகக்கூடாது என்ற மரியாதையே போகவிடாமல் செய்வதும் உண்டு. பிறகு சாவு விழுந்ததும் அதே ஆட்கள் முதல் ஆளாக வந்து, "கடைசியா ஒரு தரம் பாக்காமப் போயிட்டேனே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த அழுகையில் பொய் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போதே சமைத்துப் போட்டார்கள். வெள்ளம் கண்ணுக்குத் தெரியும், எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். கிட்னி செயலிழப்பது ஒரு வீட்டுக்குள் மட்டும் மெதுவாக வருகிற வெள்ளம். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

வயிற்றில் புண் என்று சொல்வது

இன்னொரு காரணம், சீக்கை மறைப்பது. எங்கள் பக்கத்தில் புற்றுநோய்க்கு இன்றும் அதன் பெயரைச் சொல்வதில்லை. கட்டி என்பார்கள், வயிற்றில் புண் என்பார்கள். வீட்டில் பொம்பளைப்பிள்ளை கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்றால் அதுவும் கிடையாது. தென் மாவட்டங்களில் இருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் அதிகம். 1981-ல் தொடங்கிய அந்தப் புற்றுநோய் மையம் நாகர்கோவில் வழியாகப் போனால் நமக்குச் சென்னையைவிடப் பக்கம். அங்கே போய் மூன்று வாரம் அறை எடுத்துத் தங்கிவிட்டு, ஊரில் "மக வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவைத்த குடும்பங்கள் உண்டு. தலைமுடி கொட்டியதும் திருச்செந்தூருக்கு மொட்டை போட்டதாகச் சொல்லிச் சமாளிப்பார்கள்.

வெளியே தெரியாத ஒன்றுக்கு ஊர் எப்படி வந்து நிற்கும்? இந்த மறைப்பை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பந்தம் பேச வருகிறவர்கள் "தாயாருக்கு என்ன வியாதி" என்று விசாரிப்பது உண்மை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஒரு குடும்பம் தன் கடனையும் வலியையும் சேர்த்து மூடி வைக்கிறது.

காப்பீட்டு அட்டை எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது

"இப்பல்லாம் எல்லாமே இலவசம்தானே, கார்டு இருக்குல்லா" என்று சொல்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பதிந்தால் கிடைத்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குக் கட்டணம் இல்லை. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இன்று தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்தார் வரைக்கும் தாங்கி நிற்கிறது. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் சாவதைத் தவிர வழியில்லாத எத்தனையோ பேர் இன்று நடமாடுகிறார்கள்.

ஆனால் அட்டை பணம் கொடுப்பது ஆஸ்பத்திரிக்கு. வீட்டுக்கு அல்ல. அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்து வாரம் ரெண்டு தடவை பாளையங்கோட்டை வருகிற ஆளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸுக்குத்தான், வெளியூர் போகும் மப்சல் பஸ்ஸில் ரெண்டு டிக்கெட்டும் எடுத்தாக வேண்டும். ஊசி குத்திய கையோடு பஸ்ஸில் தொங்க முடியாத நாளில் ஆட்டோ. டீ, இட்லி. ஒரு தடவைக்கு 400 ரூபாய் என்று வைத்தாலும் மாசம் 3,200 ரூபாய்க்கு மேல் போகும். அவருடைய கூலி போயிற்று. துணைக்கு வருகிறவளின் கூலியும் அந்த ரெண்டு நாளில் போகிறது. உப்புக் குறைத்த தனிச் சமையல், வெளியே எழுதிக் கொடுக்கும் மாத்திரை, ஸ்கேன் எடுக்கக் காத்திருந்து இன்னொரு நாள். இவற்றுக்கு எந்த அட்டையும் கிடையாது. புற்றுநோயாளி வைத்தியத்துக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்குரிய சான்றிதழ் வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்தால் போதும். சந்திப்பு ஸ்டேஷனில் விசாரித்தால் தெரியும் விஷயம். மூன்று வருஷமாகப் போய் வந்து, முழு டிக்கெட் எடுத்தே கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சில்லறைச் செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது. சாய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கையிருப்பு. பிறகு சீட்டை அவசரமாகத் தள்ளி எடுப்பது. பிறகு கூட்டுறவு பேங்கில் நகை. பிறகு மகளிர் குழு லோன், அதன் வாரக் கட்டுக்கு இன்னொரு குழு லோன். கடைசியில் வட்டிக்காரர். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் பத்து ரூபாய். ஐம்பதாயிரம் வாங்கினால் மாசம் 5,000 வட்டி. பத்து மாசத்தில் வாங்கிய தொகை முழுவதும் வட்டியாகப் போய்விடும், முதல் அப்படியே நிற்கும். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று இதைவிட மோசமானவையும் உண்டு. இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும், 2017 அக்டோபர் 23 திங்கள்கிழமை, மனு நாளில், நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டி தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நாலு பேரும் பிழைக்கவில்லை. அந்த ஆபீஸ் வாசலில் மனுவோடு வருகிறவர்களின் பைகளைச் சோதித்து அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

சீக்குக்கும் முறை வைத்தவர்கள்

எல்லோரும் இந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடவில்லை. வேதக்கோவில் இருக்கும் கிறிஸ்தவ ஊர்களில் பாருங்கள். 1820-ல் பாளையங்கோட்டை வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், மதம் மாறியதால் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்காக 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார். ஆபத்தில் இருப்பவருக்குச் சபை பொறுப்பு என்ற பழக்கம் அந்தக் காலத்திலேயே வேர்விட்டது. இன்றும் சேகரங்கள் என்கிற சபை வட்டாரங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சுகவீனமானவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். இதை மதச் சடங்காக மட்டும் பார்க்கக்கூடாது. பெயர் சபை நடுவே சொல்லப்பட்டதும் நோய் வெளியே வந்துவிடுகிறது, இனி மறைக்க ஒன்றுமில்லை. அந்த வாரம் ஐயரும் நாலு பேரும் வீட்டுக்கு ஜெபம் பண்ண வருவார்கள். வெறுங்கையோடு வரலாம், ஏனென்றால் ஜெபமே கைப்பொருள். அப்படி வந்தவர்கள்தான் அடுப்படியில் அரிசி இல்லை என்பதையும் பார்க்கிறார்கள். அரிசி உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைக்கிற பிடியரிசிப் பழக்கத்தை வயதானவர்கள் இன்னும் சொல்லுவார்கள்.

மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர், ஏர்வாடி ஜமாஅத்துகளில் வேறு வழி. வசதியுள்ளவர்கள் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய ஜகாத், சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. அதைப் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று குர்ஆன் சொல்லும் எட்டு வகையில் கடனாளியும் ஒருவர். இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கடன்பட்டவன் அங்கே கையேந்தி நிற்பவன் அல்ல, பங்குக்கு உரியவன். பைத்துல்மால் என்கிற பொதுநிதி வைத்திருக்கும் மஹல்லாக்களில் வைத்தியச் செலவுக்கு மனுக் கொடுக்கலாம். குறை என்னவென்றால், பணம் பெரும்பாலும் ரம்ஜானில் சேர்கிறது. சீக்கு ரம்ஜான் பார்த்து வருவதில்லை.

பீடி சுற்றும் திண்ணைகளில் நடப்பது எந்த மதத்திலும் சேராதது. முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர் என்று எங்கு போனாலும் மடியில் தட்டோடு நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி படுத்துவிட்டால், கடையில் அவளுடைய கணக்கு அறுந்துபோகக்கூடாது என்று மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவள் பேரில் போடுவதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். கணக்கு ஓடினால்தான் பி.எஃப். ஓடும், பீடித் தொழிலாளி அட்டை செல்லும். "எனக்கு ஒண்ணுன்னா நீ சுத்த மாட்டியா மயினி?" என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் பார்த்ததிலேயே கூர்மையான உதவி இதுதான். பணம் கொடுக்கவில்லை. அவளுடைய வருமானம் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது வாட்ஸ்அப் குழுக்கள் வந்திருக்கின்றன. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்ப் பையன்கள் ஒரே ராத்திரியில் லட்ச ரூபாய் சேர்த்துவிடுகிறார்கள். விபத்து, ஆபரேஷன் என்று ஒரே தடவை தேவைப்படும் காரியத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதுவும் ஒரு சாவு வீட்டுக் கூட்டம் மாதிரிதான். ஒரு நாளில் பொங்கும், அடுத்த வாரம் வேறொருவர் படம் வரும். படுக்கையில் இருக்கிறவரைப் போட்டோ எடுத்து, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஊரெல்லாம் அனுப்புவதும் எனக்கு ஒப்பவில்லை.

செங்கோட்டை மலையைத் தாண்டினால் கேரளா. அங்கே 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவம் தொடங்கி, 2001-ல் மலப்புறத்தில் அதை அக்கம்பக்கத்து ஆட்களின் கையில் கொடுத்தார்கள். தெருவில் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் சில மணி நேரம் அந்தந்தப் பகுதி நோயாளி வீட்டுக்கு அனுப்புவது, கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறையாகச் சேர்ப்பது. 2008-ல் அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. நம் பக்கம் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நர்ஸ் வந்துபோன பிறகு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டுமே. பல ஊர்களில் கோயில் கொடைக்கு வரி பிரித்ததில் மிஞ்சிய பணத்தில் ஊருக்கென்று ஐஸ் பெட்டி, நாற்காலி, பாத்திரம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி, படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை ஒன்று, ஒரு வாக்கர் வாங்கிப் போட என்ன தடை என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். "அது அபசகுனம்லா" என்றார் ஒரு பெரியவர். ஐஸ் பெட்டி என்ன சகுனம் என்று கேட்க வாய்வரை வந்தது.

ஊர் என்று இதுவரை சொன்னேனே, அந்தச் சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். ஊர் கூடும் என்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சாதித் தெரு கூடும் என்றே அர்த்தம். சாவு வீட்டின் கடினமான வேலைகளை, சேதி சொல்லிப் போவதை, கொட்டடிப்பதை, துணி வெளுப்பதை, குழி வெட்டுவதைச் சில சாதிகளின் தலையில் கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் செய்தது எந்த மொய் நோட்டிலும் உதவி என்று ஏறியதே இல்லை. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் சுடுகாட்டுக்குப் போகும் பாதைக்கே வழக்கு நடக்கிற ஊர்களும் இருந்தன. காதல் கல்யாணம் செய்து சொக்காரரும் பிறந்த வீடும் அறுத்துவிட்ட பெண்ணுக்குப் புருஷன் படுத்துவிட்டால் கோடி எடுத்து வரக்கூட ஆள் இல்லை. முறை என்பது முறைக்குள் இருப்பவர்களுக்குத்தான். அரசுத் திட்டம் எத்தனை குறையோடு இருந்தாலும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பதினாறுக்குப் பிறகு

சாவுக்கு முறை உண்டு என்றேன். அது பதினாறு நாள் வரைக்கும்தான். விசேஷம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில் அந்த வீட்டில் இருக்கிற அமைதிக்கு எந்த முறையும் கிடையாது. கொட்டு, வெடி, பூத்தேர், தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் என்று செலவழித்த கடன் மட்டும் மிச்சம். வெடிக்குச் செலவழித்த பணத்தில் பிள்ளைகளின் ஒரு வருஷப் பள்ளிக்கூடச் செலவு அடங்கியிருக்கும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

சட்டத்தின் நாட்காட்டி வேறு, சடங்கின் நாட்காட்டி வேறு. சாவை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கைம்பெண் பதினாறு வரை வாசல் தாண்ட மாட்டாள், பல வீடுகளில் அதற்குப் பிறகும். முஸ்லிம் பெண்ணுக்குப் புருஷன் இறந்தபின் இருக்கும் இத்தா நாலு மாசம் பத்து நாள். பேங்கிலோ தாலுகா ஆபீஸிலோ அவளே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். அவள் போக முடியாத அந்த நாட்களில்தான் காகித வேலை முழுவதும் கிடக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் மனு, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், ஆதரவற்ற விதவை உதவித்தொகை. 2023-ல் 1,000-லிருந்து 1,200 ஆக்கினார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள வீட்டில் சம்பாதிக்கிறவர் 18-லிருந்து 59 வயதுக்குள் இறந்தால் தேசிய குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர 155377-க்குக் கூப்பிட்டால் அமரர் ஊர்தி இலவசமாக வரும். தனியார் வண்டிக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

இவற்றைவிட முக்கியமானது இறந்தவருடைய பேங்க் பாஸ்புக். அதில் மே மாசக் கடைசியை ஒட்டி 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. பேங்கில் ஏதோ ஒரு நாள் "இதுல கையெழுத்துப் போடுங்க" என்று வாங்கியிருப்பார்கள், போட்டவருக்கே என்னவென்று தெரிந்திருக்காது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பேங்க்காரர்களும் தாங்களாகத் தேடி வந்து சொல்வதில்லை. குழு லோன்களிலும் பலவற்றில் கடன் வாங்கியவளுக்கும் புருஷனுக்கும் சேர்த்தே காப்பீட்டுப் பணம் பிடித்திருப்பார்கள். யாராவது ஒருவர் இறந்தால் மீதிக் கடன் கழியும். தெரியாமல் வாரக் கட்டைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். பீடி சுற்றியவள் இறந்திருந்தால் பி.எஃப். பணத்தோடு அதற்குரிய இன்சூரன்ஸும் குடும்பத்துக்கு வரவேண்டும், புருஷனுக்கு மாசம் குறைந்தது 1,000 பென்ஷனும் உண்டு.

நீர்மாலைக்கு ஆள் இருக்கிறது, நெய்ப்பந்தத்துக்கு இருக்கிறது. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்க மட்டும் ஏன் ஒரு முறைக்காரர் இல்லை?

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு துட்டி. டிராக்டர் ஓட்டியவர், நாற்பத்தாறு வயசு, ஈரலில் வந்த நோய். காடாத்துச் சடங்கு முடிந்து சுடுகாட்டில் இருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா, அழுதுகொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏட்டி, அவன் பேங்க் புக்கு எங்க இருக்கு?" என்றாள். திண்ணையில் இருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சாம்பல் ஆறவில்லை, அதற்குள் கணக்குப் பார்க்கிறாள் என்று ஒருத்தர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. ட்ரங்குப் பெட்டியில் இருந்து எடுத்து வந்த புத்தகத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பின்னாலிருந்து புரட்டினாள். மே மாசப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏல, இங்க வா" என்று பந்தலடியில் நின்ற மூத்த பையனைக் கூப்பிட்டாள். "இந்தப் பக்கமும் முதல் பக்கமும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. ஒரு மணிக்குக் கடையைச் சாத்திருவான், சைக்கிள்ல போ."